கடிகாரத்திலிருந்து பாலம் வரை: பிராக் நகரில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் மாலை

டிரெஸ்டனிலிருந்து பிராகுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. எல்பே ஆற்றின் கரையோடு ஒட்டியே ரயில் போகிறது. செக் நாட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் எல்பே விலகிக்கொள்ள, அதில் வந்து கலக்கும் வல்தாவா ஆறு நம்மோடு சேர்ந்துகொள்கிறது. மகள் டிரெஸ்டனில் வேலை பார்க்கிறாள். எனக்கு முழங்கால் வலி இருப்பதால் மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் போகவேண்டாம் என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலம் வரை, அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அதை நான்கு நாளில் நடப்பது என்று திட்டம்.

வந்ததும் ஒரு சிக்கல். சதுக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 100 யூரோ மாற்றினேன். யூரோவுக்குச் சுமார் 25 கொருனா கிடைக்கவேண்டிய இடத்தில் 17 கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பலகையில் பெரிதாக எழுதியிருந்த விலை அவர்கள் விற்கும் விலை, வாங்கும் விலை கீழே பொடி எழுத்தில் இருந்தது. மகள் ரசீதைப் பார்த்துவிட்டு, "அம்மா, பதறாதீங்க. மூணு மணி நேரத்துக்குள்ள போனா திருப்பிக் கொடுத்தாகணும், அதுக்குச் சட்டம் இருக்கு" என்றாள். 2019-இல் வந்த சட்டம். 1000 யூரோ வரைக்கும் பொருந்தும், ரசீது கையில் இருக்கவேண்டும். போய்க் கேட்டோம். முகம் சுளித்தார்கள், ஆனால் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பிராகுக்கு வருகிறவர்கள் இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலைச்சல் முடிந்து நகர மன்றக் கோபுரத்தின் கீழே போய் நின்றபோது மணி ஆறே முக்கால். ஒரு வகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று. சரியான நேரத்துக்கு வந்திருந்தோம்.

அந்தக் கோபுரத்தின் தெற்குச் சுவரில் இருக்கிறது வானியல் கடிகாரம். 1410-இல் கடானி ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தது. வானியல் கணக்கில் யான் ஷிண்டெல் என்ற பேராசிரியரின் பங்கு உண்டு. ஹனுஷ் என்பவர் செய்தார், இன்னொரு ஊருக்கு இதேபோல் செய்து கொடுத்துவிடக் கூடாதென்று அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் இன்னும் சொல்கிறார்கள். அது வெறும் கதை.

எல்லோரும் மணிக்கு ஒருமுறை வரும் பொம்மைகளுக்காகக் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறார்கள். எனக்கு முகப்பின் மேல்தான் கண். வெளி ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம், அதில் பொன்னிற எழுத்தில் 1 முதல் 24 வரை. இது பழைய செக் நேரம். இதில் நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. நம் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறோம், இவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள். சூரியன் மறையும் நேரம் தினமும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த வளையமும் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது. அதற்குள்ளே ரோமன் எண்கள் இருமுறை பன்னிரண்டு. அவை இன்றைய நேரத்தைக் காட்டுபவை, ஆனால் கோடைக்கால நேர மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் மகளின் கைபேசியைவிட ஒரு மணி பின்தங்கியிருந்தன. அதற்கும் உள்ளே பொன் கோடுகள் பகலைப் பன்னிரண்டு பங்காக்குகின்றன. கோடையில் அந்தப் பங்கு நீளும், குளிர்காலத்தில் குறுகும். ஒரே முகப்பில் மூன்று வகை நேரம்.

ஆறு ஐம்பத்தைந்து. பொன் கையின் நுனி 24-ஐத் தொட்டது. கையோடு சேர்ந்து நகரும் சின்னச் சூரியன், நீலம் முடிந்து செந்நிறம் தொடங்கும் கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். தீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுர உச்சியில் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது. 1410-இல் போட்ட கணக்கு என் கண்ணெதிரே சரியாக நடந்தது.

ஒன்றை மட்டும் அப்பாவுக்குச் சொல்லியிருக்கவேண்டும், அவர் இல்லை. கடிகாரத்தில் சூரியன் துலாம் ராசிக்கு வந்து இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. நம் கணக்கில் புரட்டாசி மாதம் முழுக்கச் சூரியன் கன்னியில்தான் இருப்பார். அப்பா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லித் தந்த அயனாம்ச வித்தியாசம் அது, இப்போது ஏறக்குறைய 24 பாகை.

உள்ளே இருக்கும் சக்கரங்களைப் பற்றிப் படித்திருந்தேன். ராசி வளையத்தின் சக்கரத்துக்கு 365 பல், சூரியனுடையதற்கு 366, சந்திரனுடையதற்கு 379. மூன்றையும் ஓட்டுவது ஒரே அளவுப் பல்சக்கரங்கள். சூரியனுக்கு ஒரு பல் அதிகம், அதனால் அது நட்சத்திரங்களைவிடத் தினம் ஒரு துளி பின்தங்கி, ஆண்டு முடிவில் முழுதாக ஒரு சுற்று பின்தங்கிவிடும். ஒரே ஒரு பல்லில் ஓர் ஆண்டை அடக்கிவிட்டார்கள்.

ஏழு அடித்தது. எலும்புக்கூடு வடிவில் நிற்கும் மரணம் கயிற்றை இழுத்துத் தலையை ஆட்டி, வா என்கிறது. பக்கத்தில் நிற்கும் துருக்கியர் தலையை இடவலமாக அசைத்து மறுக்கிறார். மறுபுறம் பணப்பையைப் பிடித்திருக்கும் கருமி, கண்ணாடி பார்க்கும் அகந்தைக்காரன். அவர்களும் வரமாட்டோம் என்கிறார்கள். மேலே இரண்டு ஜன்னல்களில் அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். இப்போது இருப்பவை போருக்குப் பின் செய்தவை. 1945 மே மாதம் சண்டையின் கடைசி நாட்களில் நகர மன்றம் எரிந்தபோது பழைய மர உருவங்களும் எரிந்துபோயின. எரிந்த வடக்குப் பகுதியை மறுபடி கட்டவேயில்லை. அங்கே இப்போது புல்தரை.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று நூறு அடிகூட நகரவில்லை, ஆனால் நாள் போதவில்லை.

தீன் தேவாலயத்தின் முன்னால் வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே ஒரு வளைவுக்குள் நுழைந்துதான் வாசலுக்குப் போகவேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. பீடத்துக்கு அருகே ஒரு தூணில் செந்நிறக் கல்லில் கவசம் அணிந்த ஒருவர் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். ஒரு கை கோளத்தின்மேல். அவர்தான் டைக்கோ பிராகே.

டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அழைப்பில் 1599-இல் பிராக் வந்து, 1601 அக்டோபரில் இங்கேயே இறந்தார். தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலம். வெறும் கண்ணாலும் பெரிய அளவுகோல்களாலும் கோள்களின் இடத்தை அவர் குறித்துவைத்த துல்லியத்தை அதற்கு முன் யாரும் எட்டியதில்லை. இளம் வயதில் வாள்சண்டையில் மூக்கின் ஒரு பகுதி போய், உலோக மூக்கு வைத்திருந்தார். வெள்ளி என்றும் பொன் என்றும் சொல்லிவந்தார்கள். 2010-இல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்ததில் பித்தளைக்கான தடயம் கிடைத்தது. பாதரசம் வைத்துக் கொன்றார்கள் என்ற பேச்சும் அந்த ஆய்வோடு முடிந்தது.

ஆனால் நான் அங்கே நின்றது இன்னொருவருக்காக. 1601 நவம்பர் 4-இல் இந்த உடலை அடக்கம் செய்தபோது இதே தேவாலயத்தில் அஞ்சலி உரை ஆற்றியவர் யான் யெசேனியுஸ். மருத்துவர். 1600-இல் பிராகில் எல்லோரும் பார்க்க மனித உடலை அறுத்து உடற்கூறு விளக்கியவர். அதே 1600-இல், இளம் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர் வேலை கேட்டு டைக்கோவிடம் வந்தபோது சம்பளத்திலும் நிபந்தனைகளிலும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நடுவில் உட்கார்ந்து பேசியவர் இவர்தான். அந்தப் பேச்சு முறிந்தே போயிருந்தால், டைக்கோவின் குறிப்பேடுகள் கெப்ளரின் கைக்கு வந்திருக்குமா? செவ்வாய்க் கோளின் பாதைக்குக் கெப்ளர் போட்ட கணக்கு முழுவதும் அந்த எண்களின்மேல் எழுந்தது. இந்த ஊரில் கெப்ளருக்கும் டைக்கோவுக்கும் சிலைகள் உண்டு. யெசேனியுஸைத் தேடி நாம்தான் போகவேண்டும்.

தேடி அதிக தூரம் போகவேண்டியதில்லை. வெளியே வந்து சதுக்கத்தைக் குறுக்கே கடந்தால், நகர மன்றத்தின் கிழக்குச் சுவருக்கு முன்னால் தரையில் வெள்ளைக் கல்லால் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 27 சிலுவைகள். கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராக 1618-இல் தொடங்கிய புராட்டஸ்டன்ட் கிளர்ச்சி, 1620 நவம்பர் 8-இல் வெள்ளை மலைப் போரில் இரண்டு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. 1621 ஜூன் 21 அதிகாலை தொடங்கி, இங்கே மேடை போட்டு 27 பேரைக் கொன்றார்கள். பிரபுக்கள் 3 பேர், வீரகுல மேன்மக்கள் 7 பேர், நகர மக்கள் 17 பேர். அவர்களில் ஒருவர் யெசேனியுஸ். அப்போது அவர் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், கிளர்ச்சியாளர்களுக்காக ஹங்கேரிக்குத் தூது போனவர். அவருக்குத் தண்டனையில் ஒன்று கூடுதல். முதலில் நாக்கை அறுத்தார்கள், பிறகுதான் தலை.

அஞ்சலி உரை ஆற்றிய அந்த நாக்கு என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை. சுவரில் 27 பெயர்களும் இருக்கின்றன. மகள் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிறிஷ்டோஃப் ஹரன்ட் என்ற பெயரில் நின்றாள். அவர் இசை அமைத்தவர், 1598-இல் ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும் பயணம் போய்வந்து புத்தகம் எழுதியவர். பயணம் எழுதியவர்.

சிலுவைகளை ஜனங்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். தெரிந்து மிதிப்பவர்கள் இல்லை, தரையைப் பார்க்க நேரம் இல்லாதவர்கள். ஒரு குழந்தை மட்டும் சிலுவைக்குச் சிலுவை தாண்டித் தாண்டி விளையாடியது. அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு மணிக்குள் இன்னொரு வேலை இருந்தது. சதுக்கத்தின் நடுவே மாதா தூண் நிற்கிறது. 1650-இல் எழுப்பியது. செக்கோஸ்லோவாக்கியா பிறந்த சில நாளில், 1918 நவம்பர் 3-இல், ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் சின்னம் என்று கூட்டம் அதை இழுத்துத் தள்ளியது. 2020-இல் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் நான் பார்க்க வந்தது அதன் நிழலை. தூணின் வடக்கே தரையில் ஓர் உலோகப் பட்டை பதிந்திருக்கிறது. முன்பு பிராகின் நேரத்தை நிர்ணயித்த நடுப்பகல் கோடு இது என்று லத்தீனிலும் செக்கிலும் எழுதியிருக்கிறது. தூணின் நிழல் பட்டைமேல் விழும் கணம்தான் உச்சிப்பொழுது.

பன்னிரண்டரைக்கே போய்ப் பட்டையின் ஓரத்தில் நின்றோம். நிழலின் விளிம்பு ஒரு கருங்கல்லின் நடுவில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் அந்தக் கல்லை முழுதாக விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வந்தது. கண்ணுக்கு நகர்வது தெரியாது, கல்லைக் குறியாக வைத்துப் பார்த்தால் தெரியும். கைபேசியில் 12.54. பட்டை நிழலுக்குள் மறைந்தது. நடுப்பகல் ஏன் பன்னிரண்டுக்கு வரவில்லை என்று மகள் கேட்டாள். கோடைக்கால மாற்றம் ஒரு மணி, பிராக் 15 பாகைத் தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே இருப்பதால் இரண்டு நிமிடம், அதில் இந்த மாதத்துச் சூரியன் எட்டு நிமிடம் முந்திக்கொள்கிறது என்று கூட்டிக் கழித்துச் சொன்னேன். "தாத்தா மாதிரியே சொல்றீங்கம்மா" என்றாள்.

மூன்றாம் நாள், சனி

காலையில் சதுக்கத்தைத் தாண்டிச் சின்னச் சதுக்கம். ராட் வீட்டின் முகப்பு முழுக்க ஓவியம். இரும்புச் சாமான் வியாபாரியின் கட்டடம் அது, அதனால் தேவர்களுக்குப் பதில் உழவர்களும் தொழிலாளர்களும் கருவிகளோடு நிற்கிறார்கள். அங்கிருந்து கார்லோவா தெரு. ஒல்லியான தெரு, வளைந்து வளைந்து போகிறது. இருபுறமும் காந்தப் பொம்மைக் கடைகள். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பெரும்பாலானவர்கள் இந்தத் தெருவைப் பாலத்துக்குப் போகும் குழாயாகத்தான் பார்க்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏனென்றால் வலப்பக்கம் நீளும் சுவர் கிளெமென்டினத்தின் சுவர். ஏசு சபையினர் கட்டிய கல்லூரி வளாகம், இப்போது தேசிய நூலகம். வழிகாட்டியோடு மட்டும் உள்ளே விடுகிறார்கள். பரோக் நூலகக் கூடத்தை வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே போகவோ படம் எடுக்கவோ முடியாது. பிறகு வானியல் கோபுரம், 170-க்கும் மேற்பட்ட படிகள். "நீங்க கீழயே இருங்கம்மா" என்றாள் மகள். நான் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறினேன்.

நான் ஏறியது நடுவில் இருக்கும் மெரிடியன் அறைக்காக. இருட்டு அறை. சுவரில் ஒரு சின்னத் துளை. துளை வழியே வரும் வெயில் தரையில் ஒரு பொட்டாக விழும். அறையின் குறுக்கே ஒரு நூல் கட்டியிருக்கிறார்கள். பொட்டு அந்த நூலைத் தொட்டதும் நடுப்பகல். 1842-இலிருந்து, அந்த நேரம் வந்ததும் கோபுர மாடத்திலிருந்து கொடி அசைப்பார்கள், ஊர் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். நேற்று நான் வெயிலில் நின்று பார்த்த அதே வேலையை ஒரு நூலும் ஒரு துளையும் இன்னும் நுட்பமாகச் செய்திருக்கின்றன. அந்த நூலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். சாதாரண நூல். காற்றில் லேசாக ஆடியது.

இதே கட்டடத்தில் 1775-இலிருந்து ஒரு நாள் விடாமல் தட்பவெப்பம் குறித்துவருகிறார்கள். இரண்டு உலகப் போர்கள், நாஜிகளின் ஆக்கிரமிப்பு, 1968-இல் வந்த சோவியத் டாங்குகள். அத்தனைக்கும் நடுவே யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் வெப்பமானியைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இறங்கும்போது முழங்கால் நன்றாகவே வலித்தது. ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப். உலர்ந்த காளானும் மருக்கொழுந்து மாதிரி ஒரு தழையும் போட்ட கெட்டியான சூப், கூடக் கறுப்பு ரொட்டி. சைவம் சாப்பிடுபவர்கள் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாலையில் கார்லோவா தெரு 4. பாலத்துக்குச் சில அடி முன்னால் இருக்கும் வீடு. வாசல் வளைவுக்குள் போனால் சின்ன முற்றம், தெருவின் சத்தம் அங்கே பாதியாகிவிடுகிறது. கெப்ளர் 1607 முதல் 1612 வரை இங்கே குடியிருந்தார். கோள்கள் சூரியனை வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று உலகுக்குச் சொன்ன புத்தகம் 1609-இல் வெளியானபோது அவர் வீடு இதுதான். 1611 பிப்ரவரியில் ஆறு வயது மகனை அம்மையில் இழந்தார். அதே ஆண்டு ஜூலையில் மனைவி பார்பராவும் போய்விட்டார். மறு ஆண்டு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். முற்றத்தில் இருந்த கல்மேடையில் நாங்கள் இருவரும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நான்காம் நாள், ஞாயிறு விடியல்

ஆறு மணிக்கே பாலத்தில். இருட்டு விலகவில்லை. முக்காலியோடு நாலைந்து புகைப்படக்காரர்கள், குளிரில் நடுங்கும் ஒரு மணப்பெண், அவ்வளவுதான். பகலில் இங்கே தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது.

முன்பு இருந்த யூடித் பாலத்தை 1342-இன் பனிக்கட்டி வெள்ளம் அடித்துப்போனது. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் புதிதுக்கு அடிக்கல் வைத்தார். 1357, 9-ஆம் நாள், 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிடம். எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்கும் ஒற்றைப்படைகள். சோதிடர்கள் குறித்துக்கொடுத்த வேளை என்று சொல்கிறார்கள். ஆண்டு உறுதி. நிமிடம் வரைக்கும் நம்புவதா என்பது அவரவர் விருப்பம். 516 மீட்டர் நீளம், 16 வளைவுகள், 30 சிலைகள். சிலைகளில் பல நகல்கள், மூலங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலைக்குக் கீழே இருக்கும் வெண்கலத் தகட்டை ஜனங்கள் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார்கள். மகளும் தொட்டாள்.

1611 புத்தாண்டை ஒட்டி, நண்பருக்குக் கொடுக்கப் பரிசு எதுவும் இல்லாமல் கெப்ளர் இந்தப் பாலத்தில் நடந்துபோனார். அப்போது பனி பெய்து கோட்டின்மேல் விழுந்தது. ஒவ்வொரு துகளுக்கும் ஆறு மூலை. ஏன் ஐந்து இல்லை, ஏன் ஏழு இல்லை? அந்தக் கேள்வியையே ஒரு சின்ன நூலாக எழுதிப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கோளங்களை எப்படி அடுக்கினால் குறைந்த இடத்தில் அதிகம் அடங்கும் என்று அதில் போகிறபோக்கில் ஒரு முடிவைச் சொல்லியிருந்தார். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவது போலத்தான். அதற்கு நிரூபணம் கிடைக்க 1998 ஆகிவிட்டது, தாமஸ் ஹேல்ஸ் கணினியை வைத்துச் செய்தார். மகன் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதியது அந்த நூல்.

ஏழு மணியை ஒட்டி, பழைய நகரப் பக்கத்துப் பாலக் கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுத்தது. பீட்டர் பார்லர் வடிவமைத்த கோபுரம். கோதிக் கட்டடக்கலையில் இதைவிட அழகானது குறைவு. 1621-இல் வெட்டிய தலைகளில் 12-ஐ இரும்புக் கூடைகளில் வைத்து இதில்தான் தொங்கவிட்டார்கள். யெசேனியுஸின் தலையும் அதில் ஒன்று. கெப்ளர் அப்போது இங்கே இல்லை, ஆனால் உயிரோடு இருந்தார். தன் சம்பளத்துக்காக டைக்கோவிடம் பேசிய மனிதரின் தலை, தான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே தொங்கிய செய்தி அவருக்கு எட்டியிருக்கும்.

பத்து ஆண்டு தொங்கின. 1631-இல் சாக்சனி படை பிராகைப் பிடித்தது. மகளின் ஊரான டிரெஸ்டன்தான் சாக்சனியின் தலைநகர். கிளர்ச்சி தோற்றபின் நாடு கடத்தப்பட்டவர்களும் அந்தப் படையோடு திரும்பி வந்தார்கள். தலைகளை இறக்கி, மரியாதையோடு ஊர்வலமாகத் தீன் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"நாமளும் அதே வழியில திரும்பிப் போகலாமா?" என்று கேட்டேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. கோபுரத்தின் வளைவுக்குள் நுழைந்து, 4-ஆம் எண் வீட்டைத் தாண்டி, கிளெமென்டினம் சுவரோடு, கடைகள் இன்னும் திறக்காத கார்லோவா தெருவில் எங்கேயும் நிற்காமல் நடந்தோம். சின்னச் சதுக்கம், கடிகாரம், 27 சிலுவைகள். என் காலுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. தீன் தேவாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. மகள் கதவின்மேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டோம்.